கையில் இருக்கும் 911 போதுமா, 992-க்குப் போகலாமா?

கடலூர் செம்மண்டலத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவரிடம் இருப்பது 2017 மாடல் போர்ஷே 911 கரேரா எஸ், அதாவது 991 தலைமுறையில் டர்போ வந்த பிறகான வண்டி. ஒருவர் ஓட்டியதை வாங்கியிருக்கிறார், தமிழ்நாடு பதிவு. ஞாயிறு காலையில் புதுச்சேரி வழியாக ஈ.சி.ஆரில் மரக்காணம் வரை ஒரு ஓட்டம், வார நாளில் எப்போதாவது. அடுத்த தலைமுறையான 992-க்கு மாறலாமா, மாறினால் புதிதா யூஸ்டா, நண்பர் சொல்வதுபோல் புதுச்சேரியில் பதிவு செய்தால் வரி மிச்சமாகுமா என்று கேட்கிறார். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: மழை நேரத்தில் இந்தக் காரில் ஏற மனைவி பயப்படுகிறார்.

எனக்கு அந்தக் கடைசி வரிதான் முக்கியமாகப் பட்டது. முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு. வேகத்துக்காக மாறாதீர்கள். மழைக்காக மாறலாம், ஆனால் அதற்கு முன் உங்கள் வண்டியில் செய்து பார்க்க வேண்டிய வேலைகள் இருக்கின்றன. அவற்றைச் செய்து ஒரு மழைக்காலம் ஓட்டிவிட்டு, அப்புறமும் மனம் 992-யிடமே நின்றால், தமிழ்நாட்டுப் பதிவில் இருக்கும், ஓரிரண்டு வருடம் ஓடிய 992-ஐத் தேடுங்கள். புதிது இப்போது வேண்டாம்.

வேகக் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். உங்கள் வண்டியில் 420 குதிரைசக்தி, 992 முதலில் வந்தபோது கரேரா எஸ்ஸில் 450. பூஜ்யத்திலிருந்து 100 கிலோமீட்டரை உங்களுடையது 4.1 விநாடியில் எட்டும், அது 3.7-இல் எட்டும். தானாகக் கியர் மாற்றும் பி.டி.கே. கியர்பாக்ஸ் 7-லிருந்து 8 கியர் ஆனது, எடையும் 55 கிலோ கூடியது. நம் நான்குவழிச் சாலையிலேயே காருக்குச் சட்டப்படி உச்ச வேகம் 100 தான், நடுவில் தடுப்பு இல்லாத சாலையில் அதுவும் இல்லை. கடலூரிலிருந்து கிளம்பி ரெட்டிச்சாவடி, கன்னியக்கோவில் தாண்டிப் புதுச்சேரிக்குள் நுழைவதற்குள் வேகத்தடை, குறுக்கே திரும்பும் பைக், ஓரத்தில் மாடு என்று போகிற பாதையில் அந்த 0.4 விநாடியை நீங்கள் எங்கே உணரப் போகிறீர்கள்? இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கு அடிக்கடி போகிறவர் என்றால் என் பதிலே வேறு. அங்கே 992-யின் முன்பக்கப் பிடிப்பு வளைவுக்கு வளைவு தெரியும். நீங்கள் டிராக் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

அகலம் பற்றி யாரும் சொல்லமாட்டார்கள், நான் சொல்கிறேன். உங்கள் 991 கரேரா எஸ்ஸின் அகலம் 1,808 மில்லிமீட்டர், 992-யில் எல்லா கரேராவும் 1,852. நாலரை சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். கோட்டக்குப்பத்தில் எதிரே பஸ் வரும்போதும், புதுச்சேரி மார்க்கெட் பக்கம் தெருவின் இரண்டு பக்கமும் ஸ்கூட்டர் நிற்கும்போதும் ஓட்டிப் பாருங்கள், தெரியும். உங்கள் வீட்டு கேட்டின் அகலத்தை இன்றே டேப் வைத்து அளந்துவிடுங்கள், கண்ணாடிகளையும் சேர்த்து.

இப்போது மழை. 992-யில் வந்த மாற்றங்களில் நம் ஊருக்கு உண்மையாகவே உதவுவது வெட் மோட். முன்சக்கர அறைக்குள் ஒலியை உணரும் சென்சார் வைத்திருக்கிறார்கள். டயர் தண்ணீரை வாரியடிக்கும் சத்தத்தை வைத்து, சாலை நன்றாக நனைந்திருப்பதைக் கண்டுபிடித்து ஓட்டுநருக்குச் சொல்லும். வெட் மோடைப் போட்டால் ஆக்சிலரேட்டர் மென்மையாகும், வண்டி வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் கட்டுப்பாடு முன்கூட்டியே விழித்திருக்கும், 90 கிலோமீட்டருக்கு மேல் பின்சிறகும் நன்றாக எழுந்து நின்று பின்பக்கத்தை அழுத்திப் பிடிக்கும். எந்த 992 கரேரா வாங்கினாலும் இது இருக்கும், கூடுதல் பணம் இல்லை. வடகிழக்குப் பருவமழையில் ஓட்டுகிற யாருக்கும் இது விளையாட்டுச் சாமான் இல்லை, எஞ்சின் பின்னால் இருக்கிற காரில் நிச்சயமாக இல்லை.

ஆனால் உங்கள் மனைவியின் பயத்துக்குக் காரணம் காரின் தலைமுறையாக இல்லாமல் டயராக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. பின்னால் 305 மில்லிமீட்டர் அகல டயர் உங்களுடையது. அவ்வளவு அகலமான டயர், தடம் தேய்ந்துவிட்டால், தேங்கிய தண்ணீரைப் பிளந்து போக முடியாமல் அதன் மேலேயே மிதக்கத் தொடங்கும். டயர் பக்கச்சுவரில் DOT என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2318 என்றிருந்தால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஞாயிறு மட்டும் ஓடும் வண்டிகளில் இதுதான் சிக்கல்: தடம் ஆழமாக இருக்கும், ரப்பர் கெட்டியாகிப் போயிருக்கும், நம் வெயிலில் இன்னும் சீக்கிரம். ஆறு வருடம் தாண்டிய டயரை, எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும், நான் வைத்துக்கொள்ளச் சொல்லமாட்டேன். தடத்தின் ஆழத்துக்குச் சட்டம் சொல்வது குறைந்தது 1.6 மில்லிமீட்டர். இவ்வளவு அகல டயருக்கு 3 வந்ததுமே மாற்றிவிடுவது நல்லது. போர்ஷே ஒப்புதலுக்கான N குறியுள்ள டயராகவே நான்கையும் ஒரே தயாரிப்பில் போட்டு, அலைன்மென்ட் பார்த்து, இரண்டு வருடத்துக்கு மேலான பிரேக் ஆயிலையும் மாற்றி, அதற்குப் பிறகு ஒரு மழை நாளில் மனைவியை உட்கார வைத்து மெதுவாக ஓட்டிக் காட்டுங்கள். பயம் போய்விட்டால் கோடிக் கணக்கில் ஒரு முடிவை நான்கு டயர் செலவில் முடித்துவிட்டீர்கள்.

அடுத்தது உப்புக் காற்று. தேவனாம்பட்டினக் கடற்கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே நிற்கிற வண்டி உங்களுடையது. 911-க்கு எஞ்சின் பின்னால் இருந்தாலும் ரேடியேட்டர்கள் முன்பம்பரின் இரண்டு மூலையிலும், அவற்றுக்கு முன்னால் ஏ.சி. கண்டன்சர்களும் இருக்கின்றன. பம்பரின் காற்று வாயில் வழியாகச் சருகும் மணலும் உள்ளே போய்ச் சேரும், உப்பு ஈரம் அதில் ஊறி அப்படியே தங்கும். வெளியிலிருந்து எதுவும் தெரியாது, ஒரு கோடையில் ஏ.சி. குளிர்வது குறையும், அதற்குள் கண்டன்சர் அரித்திருக்கும். இந்தக் கடலோரத்தில் ஓடும் எந்த 911-ஐ யார் என்னிடம் காட்டினாலும் முதலில் முன்பம்பரைக் கழற்றச் சொல்கிறேன். வருடம் ஒரு தடவை, மழை முடிந்த தை மாசியில், பம்பரைக் கழற்றிச் சருகை எடுத்து, அழுத்தம் குறைந்த நல்ல தண்ணீரில் கழுவுவது போதும். அதோடு சைலன்சர் போல்ட், பிரேக் டிஸ்க்கின் உள்பக்கம், பேட்டரி முனைகள், இவற்றையும் பார்த்துவிடுங்கள். விற்பதாக இருந்தாலும் இந்த வேலை வீண் இல்லை, வாங்க வருகிறவரின் மெக்கானிக் முதலில் கை வைக்கப் போகிற இடம் அதுதான்.

992-க்குப் போனால் உப்பு விஷயத்தில் நிம்மதியா என்றால், அரை நிம்மதி. அதன் பாடியில் ஸ்டீலின் பங்கை 63 சதவீதத்திலிருந்து 30-ஆகக் குறைத்துவிட்டார்கள், பம்பர்களைத் தவிர வெளித்தோல் முழுக்க அலுமினியம். துரு குறையும். ஆனால் பக்கவாட்டில் ஒரு ஆட்டோ உரசிவிட்டால், நம் ஊர் டிங்கர் பட்டறையில் தட்டி நிமிர்த்துகிற வேலை அதில் நடக்காது. அலுமினியத்துக்கென்று தனிக் கருவி, தனி இடம், பழகிய கை வேண்டும், அதாவது வண்டியை லாரியில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். உங்கள் 991-லும் கதவு, பானெட் போன்றவை அலுமினியம்தான், 992-யில் தப்பிக்கவே இடமில்லை.

பெட்ரோல் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. நம் நாட்டு விதிப்படி 2023 ஏப்ரலிலிருந்துதான் புது வண்டிகளின் பாகங்கள் அந்தக் கலவைக்குத் தாங்குவதாக இருக்க வேண்டும் என்று வந்தது. உங்களுடையது 2017. பெட்ரோல் மூடியின் உள்பக்க ஸ்டிக்கரையும் கையேட்டையும் படித்து, எத்தனை சதவீதம் வரை என்று பார்த்து, சர்வீஸ் சென்டரிடம் எழுத்தில் கேளுங்கள். எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும், நம் ஊரில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை, அதனால் பாதி டேங்க்கோடு வாரக்கணக்கில் நிறுத்தாதீர்கள். 992-யிலும் 2023-க்கு முந்தைய வண்டியைப் பார்த்தால் இதே கேள்வியைக் கேட்டாக வேண்டும்.

இப்போது வரி. உங்கள் நண்பர் சொல்வது பாதி உண்மை, புதுச்சேரியில் சாலை வரி குறைவு. ஆனால் நீங்கள் கடலூரில் குடியிருக்கிறீர்கள், கார் கடலூரில் நிற்கப் போகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே பதிவை மாற்ற வேண்டும், மாற்றினால் வரியும் அங்கே. இல்லாத வாடகை வீட்டு முகவரியைக் கொடுத்துப் புதுச்சேரியில் பதிவு செய்தவர்கள் மீது கேரளத்தில் வழக்குகள் போனது எல்லோருக்கும் தெரியும். புதுச்சேரியில் உண்மையாகவே வீடும் வாழ்க்கையும் இருக்கிறவர்கள் தாராளமாகச் செய்யட்டும், உங்களுக்கு அது வேண்டாம்.

சரி, நேர்வழியில் எவ்வளவு ஆகும்? தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். எக்ஸ்-ஷோரூம் விலை 2 கோடி என்று கணக்குக்கு வைத்தால் வரி மட்டுமே 40 லட்சம். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு செஸ் போய் ஒரே 40 சதவீத ஜி.எஸ்.டி. ஆனதில் புது விலை கொஞ்சம் இறங்கியது உண்மைதான், அதனால் உங்கள் பழைய வண்டியின் விலையும் கூடவே இறங்கியிருக்கும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டிலேயே பதிவான யூஸ்ட் 992-க்கு இந்த 20 சதவீதத்தை முதல் உரிமையாளர் கட்டிவிட்டார், நீங்கள் பெயர் மாற்றினால் போதும். நான் உள்ளூர்ப் பதிவு என்று அழுத்திச் சொல்வது இதற்காகத்தான். பெங்களூரிலோ டெல்லியிலோ மலிவாகக் கிடைக்கிறது என்று எடுத்தால் அங்கே வாங்க வேண்டிய தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.), மறுபதிவு, இங்கே வண்டியின் வயதுக்கேற்ற வரி, அங்கே கட்டியதைத் திரும்பக் கேட்டு அலைச்சல், எல்லாம் சேர்ந்து அந்த மலிவைத் தின்றுவிடும்.

உள்ளூர்ப் பதிவில் ஒரே பயம் வெள்ளம். சென்னையில் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல், நம் பக்கம் 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல், அப்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அந்த இரண்டு தேதிகளிலும் கார் எங்கே நின்றது என்று நேராகக் கேளுங்கள், காப்பீட்டு கிளெய்ம் வரலாற்றைக் கேட்டு வாங்குங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து அடியில் மண் கோடு இருக்கிறதா என்று பாருங்கள், கம்பளத்தைத் தூக்கி மோந்து பாருங்கள், சீட் தண்டவாளத்தின் திருகுகளில் துரு இருக்கிறதா பாருங்கள். இவ்வளவு தாழ்ந்த காரில் முழங்கால் அளவுத் தண்ணீர் போதும் எல்லாம் முடிய. போர்ஷே தான் அங்கீகரித்த பழைய கார்களுக்கு 111 அம்சச் சோதனை வைத்திருக்கிறது. அந்த அறிக்கையோடு வருகிற வண்டிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

எந்த 992 என்றால், 2019-இல் இங்கே வந்த முதல் கட்டத்தில் கரேரா எஸ். எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும், நடுவில் முள் வைத்த டாக்கோமீட்டர் அதில் இருக்கிறது. 2024-இல் வந்த இரண்டாம் கட்டத்தில் எல்லாமே திரை, திருகி ஸ்டார்ட் செய்வதும் போய் பட்டன் வந்துவிட்டது. அதில் வந்த ஹைப்ரிட் ஜி.டி.எஸ். மாடலில் அருமையான எஞ்சின், 541 குதிரைசக்தி, ஆனால் அதன் 400 வோல்ட் ஹைப்ரிட் சமாச்சாரத்தை கடலூரில் யாரும் தொடமுடியாது, இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். முன்பக்கத்தை 40 மில்லிமீட்டர் அளவுக்குத் தூக்கும் லிஃப்ட் வசதி இல்லாத வண்டியை, விலை எவ்வளவு நன்றாக இருந்தாலும், நம் வேகத்தடைகளுக்கு எடுக்காதீர்கள். டெஸ்ட் டிரைவில் மனைவி பக்கத்தில் இருக்கட்டும், சொரசொரப்பான சிமென்ட் சாலையில் 80-இல் ஓட்டுங்கள். 992 கரேரா எஸ்ஸில் பின்சக்கரம் 21 அங்குலம், டயர் இரைச்சல் உள்ளே நன்றாகவே கேட்கும், அது அவருக்கு ஒத்துவருமா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

விற்பதாக முடிவெடுத்தால் மழை தொடங்கும் முன், செப்டம்பருக்குள் விற்றுவிடுங்கள், ஐப்பசி கார்த்திகையில் இந்த மாதிரிக் காரை ஓட்டிப் பார்க்க யாரும் வரமாட்டார்கள். பழைய பாலிசியில் சேர்ந்திருக்கும் நோ கிளெய்ம் போனஸ் காருக்கு இல்லை, உங்களுக்கு. அதற்கான கடிதத்தைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால் மூன்று வருடத்துக்குள் அடுத்த காரின் பாலிசியில் பயன்படுத்தலாம். அந்தப் புதுப் பாலிசியில் எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் கவரையும் கண்டிப்பாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.