மகளுக்குப் பிற நாட்டு வரலாறும் அறிவியலும்: கார்த்திகை நட்சத்திரத்திலிருந்து ஆரம்பியுங்கள்

பிற நாட்டு வரலாறும் அறிவியலும் சொல்லித்தர அருங்காட்சியக இணையதளங்களைக் காட்டினால் மகள் உட்காருவதில்லை என்று கேட்டிருந்தீர்கள். அவற்றைக் கொஞ்ச நாள் விட்டுவிட்டு, கம்ப்யூட்டரில் ஸ்டெல்லேரியம் என்ற வானம் காட்டும் மென்பொருளைப் போட்டுப் பாருங்கள், இலவசம்தான். இடம் மதுரை என்று வைத்து எஃப் 4 அழுத்தினால், சீனர், எகிப்தியர், மாவோரி (நியூசிலாந்தின் பூர்வகுடிகள்) என்று யார் கண்ட வானம் வேண்டுமோ அதற்கு மாற்றலாம்.

உங்கள் ஒன்பது வயது மகள் பத்து நிமிடத்தில் எழுந்து போகிறாள் என்றால், அந்தத் தளங்களில் எல்லாமே தூரத்து ஊர், படிக்க மட்டும்தான் என்பது காரணமாக இருக்கலாம். அவளுக்குத் தெரிந்த கார்த்திகை நட்சத்திரத்தைக் காட்டுங்கள். அதையே ஜப்பானில் சுபாரு என்கிறார்கள் (அந்தக் கார் சின்னத்தில் உள்ள ஆறு நட்சத்திரம் இதுதான்), மாவோரிகள் மாட்டாரிகி என்கிறார்கள், 2022 முதல் நியூசிலாந்தில் அதற்கு அரசு விடுமுறையே உண்டு. நமக்கு ஆறு பெண்கள், கிரேக்கர்களுக்கு ஏழு சகோதரிகள், ஏன்? இந்த இடத்தில் அறிவியல் தானாக வந்துவிடும்: அது சுமார் 440 ஒளியாண்டு தூரத்தில் உள்ள பெரிய நட்சத்திரக் கொத்து, எத்தனை தெரியும் என்பது கண்ணையும் இருட்டையும் பொறுத்தது.

டிசம்பரில் இரவு எட்டு மணிக்கு மொட்டை மாடியில் கிழக்கே எண்ணச் சொல்லுங்கள். ஊருக்குள் வெளிச்சத்தில் நாலு தேறினால் பெரிது. ஊருக்கு வெளியே அழகர்கோவில் ரோட்டில் என் மகன் விரலை மடக்கி மடக்கி ஆறு எண்ணினான்.

ஒன்று, தீபத்தன்று வேண்டாம், முழுநிலா பக்கத்திலேயே நிற்கும். அப்புறம், ஸ்டெல்லேரியத்தில் விளக்கங்கள் பெரும்பாலும் ஆங்கிலம், நீங்கள் முதலில் படித்துக் கதையாகச் சொல்லுங்கள்.