கத்தினால்தான் கடை நடக்குமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஒரு சுப்பர்மார்க்கெட்டில் ஆறு வருடம் காசாளராக இருந்தேன். போன மாதம் என்னையே மனேஜர் ஆக்கிவிட்டார்கள். பதினான்கு பேர் வேலை செய்கிறார்கள், அதில் நாலு பேர் என்னைவிட மூத்தவர்கள். சிரித்துக் கதைத்தால் லீவு கேட்டு வந்து நிற்கிறார்கள். முகத்தை இறுக்கினால் "கதிரை கிடைச்சதும் ஆள் மாறிட்டான்" என்கிறார்கள். எப்படித்தான் இருப்பது?
– வாசகர், சுன்னாகம்

பதில்: தம்பி, நான் முப்பத்தொரு வயதில் யாழ்ப்பாணத்தில் ஒரு மொத்த வியாபாரக் களஞ்சியத்துக்கு மனேஜராகப் போனவன். முதல் மூன்று வருடமும் கத்தித்தான் வேலை வாங்கினேன். கத்தினால் வேலை நடந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். லொறி வந்தால் மளமளவென்று மூட்டை இறங்கிவிடும்.

பிறகு ஒரு மாரிகாலம் காய்ச்சலில் நாலு நாள் படுத்துவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் பின்சுவரோடு அடுக்கியிருந்த சீனி மூட்டைகளில் ஈரம் ஏறியிருக்கிறது. கூரையில் ஓடு விலகி, சுவர் வழியே தண்ணீர் இறங்கியிருந்தது. மூட்டை சுமக்கிற பெடியன் ஒருவன் முதல்நாளே அதைக் கண்டிருக்கிறான். "ஏன்ரா ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை?" என்று கேட்டேன். "போனமுறை ஒண்டு சொன்னதுக்கு, உன்ர வேலையைப் பார் எண்டு நீங்கள்தானே ஐயா பேசினனீங்கள்" என்றான். எனக்கு வாய் திறக்க முடியவில்லை.

குர்ட் லெவின் என்பவரைப் பற்றிப் பிற்பாடுதான் வாசித்தேன். ஹிட்லர் பதவிக்கு வந்ததும் ஜெர்மனியை விட்டு அமெரிக்கா போன உளவியலாளர். அவரும் லிப்பிட், வைட் என்ற இருவரும் சேர்ந்து செய்த ஆய்வு 1939 இல் வெளிவந்தது. பத்து வயதுப் பெடியன்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து முகமூடி செய்வது போன்ற வேலைகளைக் கொடுத்தார்கள். சில குழுக்களுக்கு எல்லாவற்றுக்கும் உத்தரவு போடுகிற தலைவர். சிலவற்றுக்குக் கலந்து பேசி முடிவெடுக்கிறவர். சிலவற்றுக்கு "என்னவெண்டாலும் செய்யுங்கோ" என்று ஒதுங்கி நிற்கிறவர். ஒதுங்கி நின்றவரின் குழுவில் உருப்படியாக வேலை நடக்கவில்லை. உத்தரவுக்காரர் நிற்கும்வரை அவருடைய பெடியன்கள் மும்முரமாகச் செய்தார்கள். அவர் அறையை விட்டு வெளியே போனதும் வேலை படுத்துவிட்டது. கலந்து பேசியவர் வெளியே போனபோதோ, அவருடைய பெடியன்கள் வேலையைத் தொடர்ந்தார்கள். வாசிக்கும்போது எனக்கு அந்தச் சீனி மூட்டைகள்தான் கண்ணில் நின்றன.

ஆனபடியால் சிரிப்பா இறுக்கமா என்ற யோசனையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஒரு சனிக்கிழமை பின்னேரம், கடையில் சனம் நிற்கும்போது, இரண்டு மணித்தியாலம் வெளியே போங்கள். போனை எடுக்காதீர்கள். திரும்பி வந்து, எதெல்லாம் உங்களுக்காகக் காத்துக் கிடந்தது என்று எழுதுங்கள். உடைந்த பால்மாப் பக்கெட்டை மாற்றிக் கொடுக்கலாமா, கல்லாவில் சில்லறை முடிந்தால் யாரிடம் கேட்பது, இப்படி ஏழெட்டாவது வரும். அதையெல்லாம் ஒவ்வொன்றாக அந்த நாலு மூத்தவர்களுக்குப் பிரித்துக் கொடுங்கள்.

லீவுச் சண்டைக்கு: நல்லூர்த் திருவிழா 25 நாள். தேருக்கும் தீர்த்தத்துக்கும் எல்லாருக்கும்தான் லீவு வேண்டும். கொடியேறுவதற்கு ஒரு மாதம் முன்பே லீவு எழுதுகிற தாளை வேலைசெய்கிறவர்கள் கையில் கொடுத்து, "கடையில் எட்டுப் பேர் நிற்கவேண்டும், மிச்சத்தை நீங்களே பிரியுங்கோ" என்று சொல்லிவிடுங்கள்.

ஒன்று, எல்லா நேரமும் கலந்து பேசிக்கொண்டிருக்க முடியாது. 2022 இல் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு வந்தபோது, ஐஸ்கிறீம் பெட்டியை என்ன செய்வது என்று கூட்டமா வைப்பது? அந்த நேரம் ஒருவர் சொல்ல மற்றவர்கள் செய்யவேண்டியதுதான்.

கேள்வி: தையல்கடை வைத்திருக்கிறேன். ஆறு பிள்ளைகள் தைக்கிறார்கள். துணி வெட்டுவது மட்டும் நான்தான். பள்ளிச் சீருடை நேரத்தில் இரவு ஒரு மணியாகிறது. ஒருமுறை வெட்டக் கொடுத்து நாலு யார் துணி பாழாய்ப் போனது.
– வாசகி, கொக்குவில்

பதில்: வெட்டிய பிறகு போய்ப் பார்த்திருப்பீர்கள், பிள்ளை. சோக்கட்டியால் கோடு போட்டதும், கத்தரி வைக்கமுன் பாருங்கள். ஆறு பேருக்கும் வேண்டாம், கைநிதானமான ஒரு பிள்ளைக்கு, அதுவும் வெள்ளைச் சீருடைச் சட்டை மட்டும். முதல் பத்துக்கும் கோடு பாருங்கள். அப்புறம் ஐந்துக்கு ஒன்று. அப்புறம் அந்தப் பக்கமே போகவேண்டாம். கலியாண பிளவுஸை நீங்களே வைத்திருங்கள், அதில் தவறினால் ஊரே கதைக்கும். பாழாகும் துணியின் காசை மட்டும் அவளுடைய சம்பளத்தில் வெட்டிவிடாதீர்கள். வெட்டினால் பயத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் உங்களிடம் கேட்டு வருவாள், நீங்கள் பழையபடி இரவு ஒரு மணிக்குக் கத்தரியோடு நிற்பீர்கள்.

கேள்வி: தலைமைத்துவம் பிறவிக் குணமா?
– மாணவி, பருத்தித்துறை

பதில்: அப்படி நினைத்துத்தான் ஆய்வாளர்கள் நெடுங்காலம் தேடினார்கள். உயரம், குரல், புத்திக்கூர்மை என்று ஒன்றையும் விடவில்லை. 1948 இல் ஸ்டொக்டில் என்ற அமெரிக்கர் 124 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, குணப்பட்டியல் மட்டும் ஒருவரைத் தலைவராக்காது, சூழ்நிலையும் சேரவேண்டும் என்று எழுதினார். சோதனைக்கு இவ்வளவும் போதும்.

கேள்வி: தீபாவளிக்கு உடுப்பு, பொங்கலுக்குக் காசு எல்லாம் கொடுக்கிறேன். ஆனாலும் பெடியள் ஒரு வருடம் நிற்கிறார்கள் இல்லை.
– கடை உரிமையாளர், சாவகச்சேரி

பதில்: ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் உங்கள் பங்கு 12 வீதம், அவர்களுடையது 8. நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு இன்னொரு 3 வீதம், அதுவும் உங்கள் கணக்கில்தான். இதைக் கட்டுகிறீர்களா? உடுப்பைப் பற்றிப் பிறகு கதைப்போம்.

கேள்வி: முதலாளி ரொறன்ரோவில். கடையில் ஆறு கமரா. அங்கேயிருந்து பார்த்துக்கொண்டு, "ஏன் அந்தப் பெடியன் சும்மா நிற்கிறான்?" என்று வட்சப்பில் கூப்பிடுகிறார். நான் மனேஜரா, கமராவா?
– வாசகர், நெல்லியடி

பதில்: வேலைக்காரன் இயல்பிலேயே வேலைக்கள்ளன், பார்த்துக்கொண்டே இருந்தால்தான் அசைவான் என்று நம்புகிற நிர்வாகத்துக்கு டக்ளஸ் மக்கிரெகர் என்ற பேராசிரியர் 1960 இல் ‘எக்ஸ் கோட்பாடு’ என்று பெயர் வைத்தார். கமரா வருவதற்கு வெகுமுன்பே. உங்கள் முதலாளியைக் கெட்டவர் என்று நினைக்கவேண்டாம். காசைப் போட்டுவிட்டு அவ்வளவு தூரத்தில் இருக்கிற மனிதனுக்குப் பயம் இருக்கும். அவர் கேட்கமுன் நீங்களே சொல்லுங்கள். இரவு எட்டரைக்குக் கடை பூட்டியதும் அன்றைய விற்பனை, வங்கியில் போட்ட காசு, முடிந்த சாமான், மூன்றே வரி. கோடைகாலத்தில் அங்கே அப்போது காலை பதினொரு மணி, ஆறுதலாக வாசிப்பார். இவ்வளவு ரூபாய் வரைக்கும் நானே முடிவெடுப்பேன் என்று ஒரு தொகையையும் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். ஒரு மாதம் இப்படிச் செய்தும் அழைப்பு குறையவில்லை என்றால் நாலாவது வரியொன்றைச் சேருங்கள்: "இன்று உங்கள் அழைப்புகள்: 11."