வெட்டிய வாழை மரத்தில் நார் எடுத்தால் கட்டுப்படியாகுமா?

கேள்வி: மூன்று ஏக்கரில் பூவன் வாழை பயிரிட்டிருக்கிறேன். தார் வெட்டிய பிறகு மரங்களை அப்புறப்படுத்தவே தனியாகக் கூலி கொடுக்க வேண்டியிருக்கிறது. நார் பிரிக்கும் இயந்திரம் வாங்கினால் அந்தச் செலவு வருமானமாக மாறுமா?
- வாசகர், லால்குடி

பதில்: மாறும். ஆனால் இயந்திரத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால், நாரை வாங்குபவரிடம் பேசி முடித்துவிடுங்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். வாழை மரத்தின் எடையில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கே நாராகக் கிடைக்கும். மீதியில் பெரும்பகுதி நீர். மரம் ஒன்று 20 கிலோ, ஏக்கருக்குச் சுமார் ஆயிரம் மரம் என்று கொண்டால், ஓர் ஏக்கரிலிருந்து தேறுவது 200 கிலோ அளவே. சிறிய இயந்திரம் ஒன்று நாளொன்றுக்கு 20 கிலோ நார் பிரிக்கும் என்று வைத்துக்கொண்டால், உங்கள் மூன்று ஏக்கரும் ஒரே மாதத்தில் முடிந்து, எஞ்சிய மாதங்களெல்லாம் இயந்திரம் கொட்டகையில் சும்மா நிற்கும். ஆகவே அக்கம்பக்கத்து விவசாயிகள் பத்துப் பேராவது சேர்ந்து வாங்கி, அறுவடை முடிய முடிய அதைத் தோட்டம் தோட்டமாகக் கொண்டுசெல்வதே வழி. ஒரு கிலோ நாருக்காக நூறு கிலோ மரத்தை வண்டியேற்றினால் வாடகைக்கே காணாது.

விலை தரத்தைப் பொறுத்தது. தரமோ தார் வெட்டிய ஓரிரு நாளுக்குள் நார் எடுப்பதைப் பொறுத்தது. மட்டையைச் சுழலும் உருளைக்குள் பாதிவரை செலுத்தி இழுத்து, திருப்பிப் பிடித்து மறுபாதியையும் கொடுத்தால், பச்சைச் சக்கை கீழே கொட்ட, தந்த நிறத்தில் நார்க்கற்றை கையில் நிற்கும். அதை உடனே நல்ல தண்ணீரில் அலசிக் கொடியில் உலர்த்துங்கள். சாறு படிந்தபடியே காய்ந்தால் பழுப்பேறிவிடும். வெளிமட்டையின் முரட்டு நார் கயிற்றுக்கும் பாய்க்கும் காகிதத்துக்கும் போகும். உள்மட்டையின் மெல்லிய நாரோ, சென்னையை அடுத்த அனகாபுத்தூர் நெசவாளர்கள் சேலை நெய்வதைப் போன்ற நுட்பமான வேலைக்கு ஏற்றது. இரண்டையும் கலந்து கட்டினால் முரட்டு நாரின் விலைதான் கிடைக்கும். பிலிப்பைன்ஸில் விளையும் அபாகா வாழையின் நார் தேயிலைப் பைக்கும் ஜப்பானியப் பணத்தாளுக்கும் போவதைச் சொல்லி ஆசை காட்டுவோர் உண்டு. அது நாருக்கென்றே வளர்க்கப்படும் வேறொரு இனம், அதன் கணக்கு நமக்குப் பொருந்தாது. உங்களுக்கு அருகிலேயே, திருச்சி தாயனூரில், தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. இயந்திரத்தைப் பற்றி அங்கே நேரில் கேட்டறிந்த பிறகு முடிவெடுங்கள்.

கேள்வி: தார் வெட்டிய மரத்தின் பக்கக் கன்றையே அடுத்த பயிராக, மறுதாம்பாக விட்டிருக்கிறேன். மரத்தை நாருக்குக் கொடுத்துவிட்டால் மண்ணின் சத்து குறையாதா?
- வாசகி, கம்பம்

பதில்: சக்கையைத் திருப்பிப் போடாவிட்டால் குறையும். வாழை மரத்தில் சாம்பல் சத்து (பொட்டாசியம்) மிகுதி. வெட்டாமல் நிற்கும் தாய்மரத்திலிருந்து அதில் ஒரு பகுதி பக்கக் கன்றுக்கே போய்ச் சேர்கிறது. எனவே நாரை மட்டும் விற்றுவிட்டு, சக்கையைச் சாணத்துடன் சேர்த்து மண்புழு உரமாக்கி அதே தோட்டத்தில் இடுங்கள். சாற்றையும் வீணாக்க வேண்டாம். குஜராத்தின் நவ்சாரி வேளாண் பல்கலைக்கழகம் அதிலிருந்தே திரவ உரம் தயாரித்திருக்கிறது. வேலை செய்யும்போது பழைய துணி உடுத்திக்கொள்ளுங்கள், வாழைக்கறை எத்தனை முறை துவைத்தாலும் போகாது.