வாசகர் கேள்வி பதில்: மூன்று ஊர்களில் பிள்ளைகள், ஒரே கோப்பில் அம்மாவின் மருந்துகள்

கேள்வி: என் தாயாருக்கு 78 வயது; சிங்கப்பூரில், ஈசூனில் என்னுடன் இருக்கிறார். அண்ணன் திருச்சியிலும் தங்கை மெல்பர்னிலும் இருக்கிறார்கள். அம்மாவின் மருந்து, மருத்துவரைப் பார்க்கும் தேதி எல்லாவற்றையும் வாட்ஸ்அப் குழுவில்தான் பகிர்கிறோம். மருத்துவர் ஒரு மாத்திரையின் அளவைக் குறைத்ததை நான் குழுவில் எழுதியிருந்தேன். அந்தச் செய்தி பொங்கல் படங்களுக்கு நடுவே புதைந்துபோனதால், நான் ஊருக்குச் சென்றிருந்தபோது அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்த தங்கை பழைய அளவையே கொடுத்துவிட்டார். நல்லவேளை, அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இணையத்தில் ஒரே ஆவணமாக வைத்துக்கொள்ளலாம் என்கிறாள் என் மகள். எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. எப்படித் தொடங்குவது?
- ஈசூன் வாசகி

பதில்: உங்கள் மகள் சொல்வதைத் தயங்காமல் செய்யுங்கள். இதே கவலையை நானும் பட்டிருக்கிறேன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் எழுதுவது பேச்சைப் போன்றது. அடுத்தவர் பேசத் தொடங்கியதும் முந்தியது மேலே போய் மறைந்துவிடும். மருந்தின் அளவு அப்படிப் போய்விடக் கூடாத செய்தி. யார் திறந்தாலும், எப்போது திறந்தாலும், இன்றைய நிலை முதல் வரியிலேயே தெரிய வேண்டும்.

உங்களிடம் ஜிமெயில் முகவரி இருந்தால், இணையத்தில் ஆவணம் எழுதிப் பகிர உதவும் கூகல் டாக்ஸ் ஏற்கெனவே உங்களுக்கு இருக்கிறது. தனிக் கட்டணம் இல்லை. புதிய ஆவணம் ஒன்றைத் திறந்து, அம்மாவின் பெயரையே தலைப்பாக வையுங்கள். முதல் பக்கத்தில் இப்போது கொடுக்கும் மருந்துகள் மட்டும் இருக்கட்டும். ஒவ்வொரு வரியும் இப்படி அமையலாம்: "மெட்ஃபார்மின் 500 மி.கி., காலை 1, இரவு 1, சாப்பிட்ட பிறகு; பிப்ரவரி 4 முதல் இந்த அளவு." அந்தக் கடைசிப் பகுதியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். எந்தத் தேதியிலிருந்து என்று எழுதியிருந்தால், பார்ப்பவருக்கு அது பழையதா புதியதா என்ற ஐயமே எழாது. அளவு மாறும்போது பழைய வரியை அழித்துவிடாமல் ஆவணத்தின் கடைசியில் 'முன்பு கொடுத்தவை' என்ற தலைப்பின் கீழ் நகர்த்திவிடுங்கள். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) புதிய மருத்துவர் கேட்கும்போது அந்தப் பட்டியல் கைகொடுக்கும். ஒவ்வாமை இருந்தால் அதை எல்லாவற்றுக்கும் மேலே எழுதுங்கள்.

'பகிர்' என்ற பொத்தானை அழுத்தினால், யாருக்கு எவ்வளவு உரிமை என்று கேட்கும். சிலர் பார்க்க மட்டும் முடியும், சிலர் கருத்து எழுத முடியும், சிலர் திருத்தவும் முடியும். உடன்பிறந்தவர்கள் மூவருக்கும் திருத்தும் உரிமை இருக்கட்டும். பேரப்பிள்ளைகளுக்குப் பார்க்கும் உரிமை போதும். 'இணைப்பு வைத்திருக்கும் எவரும்' என்ற தேர்வைத் தொடவே வேண்டாம். அவரவர் மின்னஞ்சல் முகவரியைத் தனித்தனியாகச் சேர்ப்பதற்குக் கூடுதலாக ஐந்து நிமிடம் ஆகும், அவ்வளவுதான்.

யாராவது தவறி அழித்துவிட்டால் என்ன செய்வது என்று அஞ்ச வேண்டாம். என் தந்தைக்காக நாங்கள் வைத்திருந்த ஆவணத்தில், ஒரு நாள் இரவு மருந்துப் பட்டியல் முழுவதும் காணாமற்போயிருந்தது. என் அண்ணன் மகன் கைப்பேசியில் விரலை அழுத்திப் பிடித்தபோது மொத்தமும் தேர்வாகி, அடுத்த எழுத்தைத் தட்டியதும் அழிந்துவிட்டிருக்கிறது. மேலே உள்ள 'கோப்பு' (File) மெனுவில் 'பதிப்பு வரலாறு' என்று ஒன்று உண்டு; அதைத் திறந்தபோது யார், எந்த நேரத்தில், எதை மாற்றினார்கள் என்பது ஒவ்வொருவருக்கும் ஒரு நிறத்தில் தெரிந்தது. மாலையில் இருந்த பதிப்பைத் தேர்ந்தெடுத்து மீட்டோம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் அதைத் தொடப் பயந்ததில்லை.

தங்கையிடம் ஏதாவது கேட்க வேண்டுமானால், அந்த வரியைத் தேர்ந்தெடுத்துக் கருத்து எழுதி, @ குறியுடன் அவருடைய மின்னஞ்சல் முகவரியைச் சேர்த்துவிடுங்கள்; கேள்வி அவருடைய மின்னஞ்சலுக்குப் போய்ச் சேரும். திருச்சி நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. மெல்பர்ன் இரண்டு மணி நேரம், அங்கே கோடைக்கால நேரம் நடக்கும்போது மூன்று மணி நேரம் முன்னால் இருக்கிறது. ஆகவே மூவரும் ஒரே வேளையில் விழித்திருந்து பேச வேண்டும் என்ற கட்டாயம் இதில் இல்லை என்பதே எனக்குப் பெரிய நிம்மதியாகப் படுகிறது.

வங்கிக் கணக்கின் கடவுச்சொல், சிங்பாஸ் (அரசுச் சேவைகளுக்கான மின்னிலக்க அடையாளம்) விவரம், ஒருமுறை கடவு எண் (ஓடிபி) ஆகியவற்றை இதில் எக்காரணத்தைக் கொண்டும் எழுதாதீர்கள். காப்புறுதி எந்த நிறுவனத்தில் இருக்கிறது, அதன் பத்திரம் எந்த அலமாரியில் எந்த உறையில் இருக்கிறது என்று எழுதினால் போதும். வீட்டில் பணிப்பெண் இருந்தால் முதல் பக்கத்தை அச்சிட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள். புதியதை ஒட்டும்போது பழையதைக் கிழித்துவிடுங்கள். இரண்டும் ஒன்றாகத் தொங்கினால் உங்கள் தங்கைக்கு நேர்ந்ததே அவருக்கும் நேரும்.

இன்னொன்றும் சொல்ல விரும்புகிறேன். மருந்து ஆவணத்தோடு கலக்காமல், அம்மாவுக்கென்று இரண்டாவது ஆவணம் ஒன்றைத் தொடங்குங்கள். கைப்பேசி விசைப்பலகையில் தமிழைத் தேர்ந்தெடுத்து ஒலிவாங்கிக் குறியை அழுத்தினால், பேசுவது எழுத்தாகிவிடும். என் தாயார் நாள்தோறும் இரண்டு வரி சொல்வார். "இன்னைக்குத் தேக்காவுல முருங்கைக்கீரை நல்லா இருந்துச்சு, பொரியல் பண்ணேன், உங்கப்பாவுக்குப் பிடிக்கும்" என்பது ஒரு நாள் பதிவு. கீரை என்பது 'கிறை' என்று விழுந்திருந்தது. நாங்கள் யாரும் அதைத் திருத்தவில்லை. ஊரில் இருக்கும் என் தம்பி காலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் படிக்கிறார். தொலைபேசியில் 'நல்லா இருக்கேன்' என்பதோடு நிறுத்திக்கொள்ளும் முதியவர்கள், தனியே அமர்ந்து சொல்லும்போது எவ்வளவோ சொல்கிறார்கள்.

நேரில் யாராவது செய்து காட்டினால் நன்றாயிருக்கும் என்று தோன்றினால், சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் உதவும் மின்னிலக்கத் தூதர்களை அணுகுங்கள்.

கேள்வி: எங்கள் குடியிருப்பாளர் குழுவின் தொண்டூழியர் பட்டியலை, அடையாள அட்டை எண்களுடன், முன்னாள் செயலாளர் தம் சொந்தக் கணக்கில் இணைய விரிதாளாக வைத்திருந்தார். அவர் இப்போது வெளிநாடு சென்றுவிட்டார். அதை அப்படியே தொடரலாமா?
- ஜூரோங் வாசகர்

பதில்: தொடர வேண்டாம். இதில் இரண்டு குறைகள் உள்ளன. சட்டம் கேட்டாலோ, ஒருவரை மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டிய தேவை இருந்தாலோ தவிர, அமைப்புகள் அடையாள அட்டை எண்களைத் திரட்டக் கூடாது என்ற வழிகாட்டி நெறிமுறைகள் 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ளன. தொண்டூழியரை அழைக்கப் பெயரும் தொலைபேசி எண்ணும் போதும். அந்த நெடுவரிசையை நீக்குங்கள். பழைய பதிப்புகளிலும் எண்கள் தங்கியிருக்கும் என்பதால், புதிய விரிதாள் ஒன்றைத் தொடங்கி, பழையதை முழுவதும் அழிக்கச் சொல்வதே முறை.

அடுத்தது உரிமை. ஆவணம் யாருடைய கணக்கில் இருக்கிறதோ அவரே அதன் உரிமையாளர். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்கைக் கூகல் அழித்துவிடக்கூடும். அப்போது அதிலுள்ள கோப்புகளும் போய்விடும். குழுவின் பெயரில் ஒரு கணக்கைத் தொடங்கி, செயலாளர் மாறும்போது அதை முறைப்படி ஒப்படைத்துவிடுங்கள்.

கேள்வி: 1990களின் கடைசியில் நான் தட்டச்சு செய்த கட்டுரைகளை இணைய ஆவணத்தில் ஒட்டினால் வெறும் குறியீடுகளாகத் தெரிகின்றனவே?
- தெம்பனிஸ் வாசகர்

பதில்: அவை, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்கமான யூனிகோடு பரவலாவதற்கு முந்தைய எழுத்துருக்களில் உள்ளவை; ஒவ்வோர் எழுத்துருவுக்கும் தனிக் குறியாக்கம் இருந்த காலம் அது. அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் நம் ஊரின் கணினித் தமிழ் முன்னோடி நா. கோவிந்தசாமி போன்றோர் உழைத்தார்கள். 1997இல் 'தமிழ்நெட் 97' மாநாடு இங்கேயே நடந்தது. கோப்பில் எழுத்துருவின் பெயர் என்னவென்று முதலில் பாருங்கள். பிறகு எழுத்துரு மாற்றி ஒன்றில் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்து யூனிகோடாக மாற்றி ஒட்டுங்கள். ஒரு பக்கத்தை மாற்றிச் சரிபார்த்த பிறகே மற்றவற்றைத் தொடுங்கள். கொம்பும் காலும் இடம் மாறுவது வழக்கமாக அங்கேதான் தெரியவரும். மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள்.