கடைசி ஆட்டம் ஜெயிச்சாச்சு, அப்புறம் யாரை வாங்குவது? ஒரு யுனைடெட் ரசிகரின் கேள்விக்குப் பதில்

கேள்வி (2025 மே கடைசியில் வந்தது): நான் மதுரையில் இருக்கிறேன், பதினைந்து வருடமாக மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணியின் ரசிகன். போன ஞாயிறு (2025 மே 25) ஆஸ்டன் வில்லாவை 2-0 என்று ஜெயித்துவிட்டோம். "பயிற்சியாளர் அமோரிமுக்கு ஒரு கோடைகாலப் பயிற்சி கிடைத்தால் போதும், இந்த அணியே சரியாகிவிடும்" என்கிறார்கள் என் நண்பர்கள். தினமும் ஒரு புதுப் பெயர் வேறு அடிபடுகிறது. உண்மையில் எந்த இடத்துக்கு ஆள் தேவை என்று நானே எப்படிக் கணிப்பது? கடைசியாக ஒன்று. என் மகன் புது ஜெர்ஸியில் கர்னாச்சோ பெயர் போடச் சொல்கிறான். போடலாமா?

பதில் (அதே வாரம் எழுதியது): ஜெர்ஸிக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அந்த ஞாயிறு ஆட்டம்.

இந்தியாவில் இரவு எட்டரைக்கு ஆரம்பித்த ஆட்டம், நீங்களும் முழுதாகப் பார்த்திருப்பீர்கள். யுனைடெட் நன்றாகத்தான் ஆடியது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முதல் பாதி முடியும் நேரத்தில் வில்லாவின் கோல்கீப்பர் எமிலியானோ மார்ட்டினெஸ், தனியாக ஓடிவந்த யுனைடெட்டின் ஹோய்லுண்டைத் தடுத்து விழச்செய்து சிவப்பு அட்டை வாங்கினார். இரண்டாவது பாதி முழுக்க பத்துப் பேரோடு ஆடிய வில்லாவுக்கு, மார்கன் ராஜர்ஸ் ஒரு கோல் அடித்தும் கணக்கில் சேரவில்லை. யுனைடெட் கோல்கீப்பர் பயின்டிரின் கையில் பந்து இருந்ததாக நினைத்து, பந்து வலைக்குள் போகும் முன்பே நடுவர் விசில் ஊதிவிட்டார், விசில் ஊதிய பிறகு விஏஆர் (வீடியோ பார்த்துச் சரிபார்க்கும் நடுவர்) தலையிட வழியில்லை. அது அநியாயம்தான், யுனைடெட் ரசிகராக இருந்தாலும் ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்குச் சில நிமிடம் கழித்துத்தான் 76-வது நிமிடத்தில் யுனைடெட்டின் அமாட் தலையால் முட்டிப் போட்டார், 87-ல் எரிக்சன் பெனால்டி. டிரா ஆகியிருந்தால்கூட வில்லா, ஐரோப்பாவின் முதன்மையான கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீகுக்குப் போயிருக்கும். 66 புள்ளி எடுத்தும் நியூகாசிலிடம் கோல் வித்தியாசத்தில் அந்த இடத்தை இழந்தது.

எரிக்சன், லிண்டலாஃப், ஜானி எவன்ஸ் ஆகியோருக்கு விடைகொடுத்த நாள் அது. மனசுக்கு நிறைவாக இருந்தது. ஆனால் அணியை எடைபோட அந்த ஆட்டம் உதவாது. எதிரணி பத்துப் பேராகிவிட்ட ஆட்டம், இரு பக்கமும் இழக்க எதுவும் இல்லாத ஆட்டம், விடைபெறும் ஆட்டம் இவற்றையெல்லாம் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள் என்பதுதான் நான் முதலில் சொல்வது. மிச்சம் என்ன? வில்லாவுக்கு முந்தைய எட்டு பிரீமியர் லீக் (இங்கிலாந்தின் முதல்நிலை லீக்) ஆட்டங்களில் ஒரு வெற்றிகூட இல்லை. அமோரிம் வந்த பிறகு 27 லீக் ஆட்டம், 27 புள்ளி, 7 வெற்றி. அந்த ஏழில் மூன்று, சௌத்தாம்ப்டன், இப்ஸ்விச், லெஸ்டர் என்று கீழ் டிவிஷனுக்கு இறங்கிப்போன மூன்று அணிகளுக்கு எதிராக வந்தவை. அதிலும் சௌத்தாம்ப்டனிடம் 82-வது நிமிடம் வரை 0-1 என்று பின்தங்கியிருந்து, அமாட் தனி ஆளாக மூன்று கோல் போட்டுக் காப்பாற்றியது. சீசன் முழுக்க லீகில் தொடர்ந்து இரண்டு ஆட்டம் ஜெயிக்கவே இல்லை என்பதை உங்கள் நண்பர்களிடம் கேட்டுப்பாருங்கள், பலருக்கு நினைவிருக்காது.

என் பார்வையில் சீசனின் உண்மையான கடைசிப் பரீட்சை, வில்லா ஆட்டத்துக்கு நான்கு நாள் முன்பு பில்பாவோவில் நடந்த யூரோப்பா லீக் (ஐரோப்பாவின் இரண்டாம் நிலைக் கிளப் போட்டி) இறுதியாட்டம்தான். நள்ளிரவு பன்னிரண்டரைக்கு விழித்திருந்து பார்த்தோமே, அது. லீகில் 17-வது இடத்தில் முடித்த டாட்டன்ஹாம் 42-வது நிமிடத்தில் ஒரு கோல் போட்டது, அப்புறம் கோட்டையைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. முக்கால்வாசி நேரம் பந்து யுனைடெட்டின் காலில்தான். ஆனால் பூட்டைத் திறக்க ஆள் இல்லை. இதே டாட்டன்ஹாமிடம் இந்த சீசனில் நான்கு தடவை மோதி நான்கிலும் தோற்றிருக்கிறோம். ஒரு அணிக்கு என்ன குறை என்று தெரிய வேண்டுமா, எதிரணி பின்னால் போய்க் குவிந்து நிற்கும் ஆட்டங்களை எடுத்துப் பாருங்கள். எதிரணி திறந்து ஆடினால் யார் வேண்டுமானாலும் ஓடிப்போய் கோல் அடிக்கலாம். மான்செஸ்டர் சிட்டியை அவர்கள் மைதானத்திலேயே 2-1 என்று ஜெயித்த அணி, சொந்த மைதானத்தில் வுல்வ்ஸிடமும் வெஸ்ட் ஹாமிடமும் ஒரு கோல்கூடப் போடாமல் தோற்றது. ஓல்ட் டிராஃபோர்டில் மட்டும் ஒன்பது லீக் தோல்வி!

இப்போது எண்களுக்கு வருவோம். யுனைடெட் 38 ஆட்டத்தில் 42 புள்ளி, 15-வது இடம். போட்ட கோல் 44, வாங்கிய கோல் 54. எல்லோரும் டிஃபென்ஸைத் திட்டுகிறார்கள், ஆனால் 54 கோல் வாங்கியது அவ்வளவு மோசமில்லை, 11-வது இடத்தில் முடித்த ஃபுல்ஹாமும் அதே 54 தான். 44 கோலைப் பாருங்கள். அதைவிடக் குறைவாகப் போட்ட அணிகள் நான்கே நான்கு, இறங்கிப்போன மூன்றும் எவர்ட்டனும். லீகில் இரட்டை இலக்க கோல் அடித்த ஆள் ஒருவர்கூட நம்மிடம் இல்லை. புரூனோ 8, அமாட் 8. ஸ்ட்ரைக்கர் (முன்னால் நின்று கோல் அடிப்பவர்) என்று வைத்திருக்கும் ஹோய்லுண்ட் 4, சிர்க்சி 3.

ஹோய்லுண்டைப் பற்றி இரண்டு வார்த்தை. 22 வயதுப் பையன், 2023-ல் 6.4 கோடி பவுண்டுக்கு அட்லாண்டாவிலிருந்து வாங்கினார்கள். இடையில் 21 ஆட்டம் கோலே இல்லாமல் போனது, லெஸ்டரில்தான் அந்தப் பஞ்சம் தீர்ந்தது. அவரைத் திட்டுவதற்கு முன் ஒரு ஆட்டத்தில் அவரை மட்டும் தொண்ணூறு நிமிடம் பாருங்கள், பந்தைப் பார்க்காதீர்கள். டிஃபென்டரின் முதுகுக்குப் பின்னால் எத்தனை முறை ஓடுகிறார், அதில் எத்தனை முறை பந்து வருகிறது என்று ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். நான் அப்படி உட்கார்ந்து எண்ணிப் பார்த்திருக்கிறேன், கோபம் பாதி குறைந்துவிட்டது. ஓடுகிறார், பந்து வரவில்லை. வரும்போது முதல் தொடுதலில் தவறவிடுகிறார், அதுவும் உண்மை. ஆகவே ஆள் மோசம் என்று முடிவு கட்டுவதைவிட, இருபது கோல் சுமையை அவர் ஒருவர் தலையில் ஏற்றியதுதான் தப்பு என்று சொல்வேன். பக்கத்தில் ஒரு அனுபவசாலி இருந்திருக்க வேண்டும்.

அமோரிமின் 3-4-2-1 அமைப்பில் ஆள் எண்ணுவது சுலபம், ஒரு தாளில் ஏழு கட்டம் வரைந்துகொள்ளுங்கள்: கோல்கீப்பர், நடு டிஃபென்டர் மூவர், இடது விங்பேக் (பக்கவாட்டில் முன்னும் பின்னும் ஓடுபவர்), வலது விங்பேக், நடுக்கள ஜோடி, ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் நிற்கும் இருவர், ஸ்ட்ரைக்கர். ஒவ்வொரு கட்டத்திலும் இன்றைக்கு நம்பி இறக்கக்கூடியவர்கள் பெயரை மட்டும் எழுதுங்கள். டிஃபென்டர் கட்டம் நிரம்பி வழியும்: டி லிக்ட், யோரோ, மக்வயர், ஹெவன், மஸ்ராவி, ஷா, முழங்கால் சரியாகித் திரும்பும்போது லிசான்ட்ரோ மார்ட்டினெஸ். அங்கே பணம் போடத் தேவையில்லை. ஸ்ட்ரைக்கர் கட்டத்தில் ஹோய்லுண்ட், சிர்க்சி, அப்புறம் 17 வயது சீடோ ஓபி. அவ்வளவுதான். தாளைப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும்.

இதை எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள், ஒருவர் மோசமான ஆட்டக்காரரா அல்லது அவருக்கு இந்த அமைப்பில் இடமே இல்லையா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கர்னாச்சோ பக்கவாட்டுக் கோட்டை ஒட்டி ஓடி உள்ளே வெட்டி வருபவர். இந்த அமைப்பில் அந்தக் கோடு விங்பேக்குக்குச் சொந்தம். விங்பேக் என்றால் அறுபது கஜம் திரும்பி ஓடி டிஃபென்ஸும் செய்ய வேண்டும், அது அவருக்கு ஒத்துவராது. ஆகவே நடுவில், நெரிசலில், முதுகை கோலுக்குக் காட்டியபடி பந்து வாங்கச் சொல்கிறார்கள். மீனைக் கரையில் விட்டு நீந்தச் சொன்ன மாதிரி.

சரி, யாரை வாங்குவது? வுல்வ்ஸின் மத்தேயுஸ் குன்யா பெயர்தான் பலமாக அடிபடுகிறது, 6.25 கோடி பவுண்டு கட்டினால் விட்டுவிட வேண்டும் என்று அவர் கான்ட்ராக்டிலேயே இருக்கிறது. லீகில் 15 கோல் அடித்தவர், டிசம்பர் 26 அன்று கார்னரிலிருந்து நேராக வலைக்குள் அடித்து நம்மையே கண்கலங்க வைத்தவர். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும், பின்னால் நிற்கும் இருவரில் இடது பக்கத்துக்கு அப்படியே பொருந்துவார். பிரென்ட்ஃபோர்டின் எம்பூமோ இந்த சீசனில் 20 கோல், வலது பக்கத்துக்கு அவரைவிட நல்ல ஆள் இங்கிலாந்தில் கிடைப்பது கடினம். ஆனால் இருவருமே ஸ்ட்ரைக்கர் இல்லை. இவர்கள் இரண்டு பேரையும் வாங்கிவிட்டு "அட்டாக் முடிந்தது" என்று கடையைச் சாத்தினால், அடுத்த மே மாதமும் இதே கட்டுரையை எழுத வேண்டிவரும். ஸ்போர்ட்டிங் அணியில் அமோரிமிடமே ஆடிய யோகெரஸ் போர்ச்சுகல் லீகில் 39 கோல் போட்டிருக்கிறார். 27 வயதைத் தொடுகிறார், விலை அதிகம், போர்ச்சுகலின் 39 இங்கிலாந்தில் எத்தனை ஆகும் என்ற கேள்வியும் இருக்கிறது. இருந்தாலும் இந்த அமைப்பைப் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை என்பதால் என் முதல் ஓட்டு அவருக்கு. கிடைக்காவிட்டால், இறங்கிப்போன இப்ஸ்விச்சுக்காக 12 கோல் அடித்த லியாம் டெலாப். பந்தே சரியாக வராத அணியில் 12 கோல் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஸ்ட்ரைக்கருக்கு அடுத்து எனக்குக் கவலை நடுக்களம். கசமீரோவுக்கு 33 வயது, மூளை ஓடுகிறது, கால் ஓடவில்லை. உகார்ட்டே பந்தைப் பறிப்பார், பறித்த பந்தை முன்னால் கொண்டுபோக மாட்டார். மைனூ நல்ல பையன், ஆனால் இருவர் மட்டும் நிற்கும் நடுக்களத்தில் தனக்குப் பின்னால் இருக்கும் பெரிய வெளியைக் காப்பது இன்னும் வரவில்லை. ஆகவே புரூனோவைப் பின்னால் இறக்கி ஆடவைக்கிறார்கள், நம்முடைய ஒரே கோல் வழியைக் கோலிலிருந்து தூரமாக வைப்பது என்றுதான் அதற்கு அர்த்தம். ஓடக்கூடிய ஒரு மிட்ஃபீல்டர் வந்தால் இரண்டு பிரச்சினை தீரும். கோல்கீப்பர் விஷயத்தில் லியோன் ஆட்டத்தில் ஓனானா விட்ட இரண்டு கோலை யாரும் மறக்கவில்லை. அவருக்கு ஓய்வு கொடுத்து நியூகாசிலில் இறக்கிய பயின்டிரும் 4-1 தோல்வியில் தப்பு செய்தார். மாற்றம் தேவைதான், ஆனால் பணம் இரண்டு பேருக்கு மட்டும் இருந்தால் கோல்கீப்பர் மூன்றாவது.

எத்தனை பேரை வாங்கலாம் என்பதையும் பார்க்க வேண்டும். இந்த சீசனில் எல்லாப் போட்டியும் சேர்த்து 60 ஆட்டம் ஆடினார்கள். அடுத்த சீசனில் (2025-26) ஐரோப்பியப் போட்டி எதுவுமே கிடையாது, 2014-15க்குப் பிறகு இப்படி ஆவது இப்போதுதான். வருத்தமான விஷயம், ஆனால் வாரத்துக்கு ஒரு ஆட்டம், நடுவில் நான்கைந்து நாள் பயிற்சி. ஆகவே கூட்டம் சேர்க்காமல், முதல் பதினொன்றில் நேராக நிற்கக்கூடிய மூன்று பேர் போதும். உங்கள் நண்பர்கள் சொல்லும் "கோடைகாலப் பயிற்சி" வாதத்தில் இந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது.

ஆட்டக்காரர்களை வாங்கப் பணம், இருப்பவர்களை விற்பதிலிருந்துதான் வருகிறது. 2025-ல் இருந்த பிரீமியர் லீக் விதிப்படி மூன்று வருடத்தில் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டக்கூடாது, யுனைடெட் 2023-24 என்ற ஒரே வருடத்தில் 11 கோடிக்கு மேல் நஷ்டம். சில செலவுகளைக் கழித்துக்கொள்ள அனுமதி இருப்பதால் தப்பிக்கிறார்கள். வாங்கும் ஆட்டக்காரரின் விலையை கான்ட்ராக்ட் வருடங்களுக்குப் பிரித்து, அதிகபட்சம் ஐந்து வருடமாகக் கணக்கு எழுதலாம். ஆனால் சொந்த அகாடமியில் வளர்ந்தவரை விற்றால் வருகிற தொகை முழுவதும் அந்த வருடத்து லாபம். அதனால்தான் மைனூ, கர்னாச்சோ, ராஷ்ஃபோர்ட் பெயர்கள் விற்பனைப் பேச்சில் அடிபடுகின்றன. எனக்கு இது பிடிக்கவில்லை, வீட்டுப் பிள்ளையை விற்கத் தூண்டும் விதி அது. ராஷ்ஃபோர்ட், ஆன்டனி, சான்சோ மூவரும் லோனில் (தற்காலிகமாக வேறு அணிகளுக்கு ஆட) வெளியே இருக்கிறார்கள். தினமும் வருகிற புதுப் பெயர்களை விட்டுவிட்டு, இந்த மூவரின் விஷயம் ஜூலைக்குள் முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் ஆகஸ்ட் கடைசி வாரத்தில் அவசரமாக, கேட்ட விலை கொடுத்து வாங்குவார்கள். ஆன்டனியை வாங்கியதும் 2022-ல் அப்படி ஒரு ஆகஸ்ட் கடைசியில்தான்.

இனி உங்கள் மகனின் ஜெர்ஸி. இறுதியாட்டத்தில் கடைசி இருபது நிமிடம் மட்டும் ஆடவிட்டதைப் பற்றி கர்னாச்சோ வெளிப்படையாக வருத்தப்பட்டார், வில்லா ஆட்டத்துக்கு அவரை அணியிலேயே சேர்க்கவில்லை. கிளம்பிவிடுவார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பையனிடம் பக்குவமாகச் சொல்லி, அமாட், 16 என்று போடச் சொல்லுங்கள். 2025 ஜனவரியில்தான் 2030 வரை கையெழுத்துப் போட்டிருக்கிறார்.