தேரி மண் ஏன் ஆரஞ்சாகத் தெரிகிறது?

கேள்வி: என் கணவர் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் எண்ணெய் வண்ணத்தில் வரைகிறார். குறுக்குத்துறை படித்துறை, திசையன்விளைப் பக்கத்துத் தேரி (செம்மணல் மேடு), பாபநாசம் என்று இருபது படங்களுக்கு மேல் சேர்ந்துவிட்டன. பிள்ளைகளுக்கு அனுப்பலாம் என்று போனில் எடுத்தால் நடுவில் வெள்ளையாக மினுங்குகிறது, ஓரம் வளைகிறது, தேரியின் சிவப்பு ஆரஞ்சாகிவிடுகிறது. 'ஊரெல்லாம் அனுப்பாத, எவனாவது பிரிண்ட் அடிச்சு வித்துருவான்' என்று அவர் சத்தம் போடுகிறார். இதற்கிடையில் ஒருவர் போனில் பேசினார். சென்னையில் கண்காட்சி வைக்கிறார்களாம். 18,000 ரூபாயும் எல்லாப் படங்களின் 'ஒரிஜினல் ஃபைலும்' கேட்கிறார். அனுப்பலாமா? – வாசகி, பாளையங்கோட்டை.

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அனுப்ப வேண்டாம். பணமும் வேண்டாம், ஃபைலும் வேண்டாம். காரணம் பிறகு வருகிறது. பிள்ளைகளுக்கும் சொந்தபந்தத்துக்கும் அனுப்புவதை நிறுத்த வேண்டியதில்லை. எந்த அளவில் அனுப்புகிறீர்கள் என்பதுதான் சங்கதி.

அந்த வெள்ளை மினுக்கத்தைப் பார்ப்போம். எண்ணெய் வண்ணம் காய்ந்த பிறகும் பளபளக்கும். கத்தியால் அப்பிய இடம், தூரிகை இழுத்த வரி எல்லாம் மேடும் பள்ளமுமாக நிற்கும். ஒவ்வொரு மேடும் ஒரு சின்னக் கண்ணாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கமிருந்து வந்தால் நேரே திரும்பி லென்ஸில் விழும். பக்கத்திலிருந்து சாய்வாக வந்தால் மறுபக்கம் போய்விடும். ஆகவே பிளாஷ் கூடாது. ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் படத்தை வைக்காதீர்கள். பக்கத்துச் சுவரில், ஜன்னலிலிருந்து நாலைந்து அடி தள்ளிச் சாய்த்து வையுங்கள். அதைவிடக் கிட்டே வைத்தால் ஒரு ஓரம் வெளுத்து மறு ஓரம் இருண்டுவிடும். இருண்ட பக்கத்தில் கொடியில் ஒரு வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டால் அந்தப் பக்கமும் தெளியும்.

நீங்கள் நிற்கும் பக்கம் இருட்டாக இருக்க வேண்டும். வார்னிஷ் போட்ட படம் எதிரே நிற்பவரின் வெளிர் நிறச் சேலையைக்கூடப் பிடித்துக்காட்டும். பின்னால் யாரையாவது கறுப்புக் குடையை விரித்துப் பிடிக்கச் சொல்லுங்கள், போதும். டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சமும் டியூப்லைட்டும் கலந்தால் பாதிப் படம் ஒரு நிறம், மீதி இன்னொரு நிறம். பிறகு எந்த ஆப்பாலும் அதைச் சரிசெய்ய முடியாது. வீட்டு முன்பக்கத் தார்சாவில் வைத்து எடுப்பதாக இருந்தால், அழிக்கம்பியின் நிழல் படத்தின் மேல் கோடுகோடாக விழுகிறதா என்று பாருங்கள். கண் அதைப் பழகிப்போய் விட்டுவிடும், கேமரா விடாது.

'வடக்கு ஜன்னல் வெளிச்சம்தான் சிறந்தது' என்று எல்லாப் புத்தகமும் ஓதும். அது குளிர் நாட்டுக்காரர்களுக்கு எழுதியது. திருநெல்வேலி நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்பது பாகைக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது. சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணி பாதி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலில்தான் வெயில் நுழையும், தெற்கு ஜன்னலில் மெத்தென்ற வெளிச்சம் கிடைக்கும். மீதி மாதங்களில் வடக்கு. காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் எடுங்கள். ஆனி, ஆடியில் தட்டட்டிக்கு (மொட்டை மாடிக்கு) கொண்டுபோகாதீர்கள். அந்தக் காற்று கேன்வாஸைப் பட்டமாகத் தூக்கிவிடும். காயாத வண்ணத்தில் தூசி ஒட்டினால் எடுக்கவும் முடியாது.

தேரிப் படத்தில் கத்தி வேலை நிறைய இருக்கும் என்று நினைக்கிறேன். அதற்கு ஒரு உபாயம். மேலேயிருந்து விழும் வெளிச்சத்தில் மேடு பள்ளத்தைப் பார்த்துத்தான் நம் கண்ணுக்குப் பழக்கம். ஜன்னல் வெளிச்சமோ பக்கத்திலிருந்து வருகிறது. அதனால் படத்தையே பக்கவாட்டில் திருப்பி, வானம் இருக்கும் விளிம்பு ஜன்னலைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். எடுத்த பிறகு போனில் திருப்பிக்கொள்ளலாம். மணல் மேடு மேடாகவே தெரியும்.

ஓரம் வளைவதற்குக் காரணம் நீங்கள் கிட்டே போவது. போனின் சாதாரண லென்ஸ் அகலமாகப் பார்க்கும் வகை. அரை ஆள் தூரத்தில் நின்று எடுத்தால் படத்தின் சட்டம் வயிறு தள்ளியது போல் வரும். மூன்றடி அகலப் படத்துக்கு ஆறடி தள்ளி நில்லுங்கள், இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள். போனைக் கையில் பிடிக்காமல் ஸ்டூலில் புத்தகங்களை அடுக்கி அதன்மேல் நிறுத்தி, மூன்று வினாடி டைமர் வையுங்கள். போன் படத்தின் நட்டநடுவுக்கு நேராக இருக்கிறதா என்று பார்க்க, கைக்கண்ணாடி ஒன்றைப் படத்தின் நடுவில் தட்டையாகப் பிடிக்கச் சொல்லுங்கள். கண்ணாடி வண்ணத்தைத் தொடக் கூடாது, விரற்கடை இடைவெளி இருக்கட்டும். திரையில் அந்தக் கண்ணாடிக்குள் உங்கள் போனின் லென்ஸே தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் போன் சாய்ந்திருக்கிறது. படம் சுவரில் சாய்ந்திருந்தால் போனும் அதே அளவு சாய வேண்டும் என்பதும் அப்போது புரியும்.

இனி தேரிச் சிவப்பு. இதில் மூன்று குற்றவாளிகள். ஒன்று, வெளிச்சம் அதிகமாகும்போது போன் முதலில் கோட்டைவிடுவது சிவப்பைத்தான். சிவப்பு ஒரு அளவுக்கு மேல் ஏற முடியாமல் முட்டிக்கொண்டு நிற்க, பச்சை மட்டும் ஏறிக்கொண்டே போகும். விளைவு ஆரஞ்சு. திரையில் அந்தச் செம்மண் பகுதியை விரலால் அழுத்திப் பிடித்துப் பூட்டுங்கள், பிறகு வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுங்கள். 'கொஞ்சம் இருட்டாக இருக்கிறதே' என்று தோன்றும் அளவே சரி. இரண்டாவது, போன்காரர்கள் கேட்காமலே செய்யும் அலங்காரம். வானத்தைக் கண்டால் நீலமாக்குவது, இலையைக் கண்டால் பச்சையாக்குவது. வரைந்தவர் ஒரு மாதம் யோசித்துக் கலந்த நிறத்தை இது அரை வினாடியில் திருத்துகிறது. கேமரா அமைப்பில் ஏஐ, பியூட்டி, எச்டிஆர் என்று எது எது இருக்கிறதோ எல்லாவற்றையும் அணையுங்கள். சில போன்களில் ஒன்றை அணைத்தாலும் இன்னொன்று ஒளிந்துகொண்டு வேலை பார்க்கும். 'புரோ' என்ற முறை இருந்தால் அதில் எடுப்பது நல்லது. மூன்றாவது உங்கள் வீடே. சிவப்பு ஆக்ஸைடு தரை படத்தின் கீழ்ப்பாதியில் சிவப்பை ஏற்றும், பச்சை டிஸ்டெம்பர் சுவர் பச்சையை ஏற்றும். தரையில் கறுப்புத் துணி விரியுங்கள். பாய் விரித்தால் மஞ்சள்தான் கூடும், அது பத்தமடைப் பாயாக இருந்தாலும்.

நிறத்தை ஒப்பிட்டுச் சரிசெய்ய, சாம்பல் அட்டை என்று ஃபோட்டோ சாமான் கடையில் கேட்டு வாங்குங்கள். படத்தின் ஓரத்தில் அட்டையை வைத்து ஒரு ஃபோட்டோ, அட்டையை விலக்கிவிட்டு ஒரு ஃபோட்டோ எடுங்கள். ஸ்நாப்சீட் ஆப்பில் வெள்ளைச் சமநிலையில் ஒரு சொட்டுக்குழல் படம் இருக்கும், அதை அட்டையின் மேல் வைத்தால் நிறம் தானே சீராகும். அதே அளவை அட்டை இல்லாத ஃபோட்டோவுக்கும் கொடுத்துவிடலாம். ஏ4 தாளை வைக்காதீர்கள். தாளை வெளுப்பாகக் காட்ட அதில் நீலமடிக்கும் பொருள் சேர்க்கிறார்கள், அதை நம்பித் திருத்தினால் படம் மஞ்சளடிக்கும்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சில படங்களில் அம்பர் போன்ற மண் நிறங்கள் பூசிய இடம் காய்ந்ததும் மங்கிப்போகும். ஃபோட்டோவில் எடுபடவில்லை என்று அதன்மேல் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்பவர்கள் உண்டு. தடவாதீர்கள். தூரிகைக்காரர்கள் பயன்படுத்தும் ஆளி விதை எண்ணெய் காற்றில் இறுகும், தேங்காய் எண்ணெய் ஒருநாளும் இறுகாது. பிசுபிசுத்தபடியே கிடந்து தூசியை இழுக்கும். மங்கலுக்கு 'ரீடச்சிங் வார்னிஷ்' என்று தனியே இருக்கிறது, உங்கள் கணவருக்குத் தெரிந்திருக்கும். முழு வார்னிஷுக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் பொறுக்க வேண்டும். ஃபோட்டோவை வார்னிஷுக்கு முன்னாலேயே எடுத்துவிடுங்கள், பிரேம் கடைக்குப் போகும் முன்னாலும்.

அனுப்புவதற்கு வருவோம். போனில் எடுத்த 12 மெகாபிக்சல் படத்தில் நீளத்துக்கு 4000, உயரத்துக்கு 3000 புள்ளிகள். அச்சில் அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் பதின்மூன்றுக்குப் பத்து அங்குலம் சுத்தமாக அடிக்கலாம். காலண்டருக்கு அது தாராளம். அதையே நீளவாக்கில் 1200 புள்ளிக்குச் சுருக்கினால் நாலு அங்குலம்தான் வரும். போன் திரையில் பார்க்க அது போதும், திருடி அடிக்கப் போதாது. ஆகவே பிள்ளைகளுக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் 1200. பெரிய கோப்பு வீட்டில், பென்டிரைவில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று. வாட்ஸப்பில் 'டாக்குமெண்ட்' என்று அனுப்பினால் சுருங்காமல் முழுதாகப் போகும். கூடவே உங்கள் வீடு எந்த இடத்தில் இருக்கிறது என்ற குறிப்பும் போய்விடும். கேமராவின் லொகேஷனை அணைத்து வையுங்கள். படத்தின் நடுவே பெரிதாகப் பெயர் எழுதுவதால் பயனில்லை, இப்போது அதை அழிக்க ஒரு நிமிடம் போதும். படத்தின் பின்பக்கம், கையெழுத்து, பாதி வரைந்த நிலை இவற்றையும் எடுத்து வைப்பதுதான் நாளைக்குச் சாட்சி.

உங்கள் கணவரின் பயத்துக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி வரைந்தவரே முதல் உரிமையாளர். ஆயுள் முழுக்க, அதன்பின் 60 ஆண்டு. கேன்வாஸை விற்றாலும் வாங்கியவருக்குப் போவது கேன்வாஸ்தான், அச்சடிக்கும் உரிமை அல்ல. எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் உரிமை மாறும். அதிலும் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். நீங்கள் மனைவியாக இருந்தாலும் ஒவ்வொரு படத்தையும் பொதுவில் போடுமுன் அவரைக் கேட்டுக்கொள்வதே முறை.

இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, பலர் விழுவது அதில்தான். பிரிவு 17-இன்படி, ஒருவர் சொல்லி, கூலி கொடுத்து வரையவைத்த ஓவியத்துக்கு அந்த ஆளே முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால். புரியும்படி சொல்கிறேன். உங்கள் கணவர் தம் இஷ்டத்துக்கு நெல்லையப்பர் தேரை வரைந்தார், ஒரு ஜவுளிக் கடைக்காரர் பார்த்துப் பிடித்து வாங்கினார். உரிமை உங்கள் கணவரிடம். அதே கடைக்காரர் முன்பே வந்து, 'நெல்லையப்பர் தேரை நாலடிக்கு வரைஞ்சு குடுங்க ஸார், இந்தாங்க அட்வான்ஸ்' என்று சொல்லி வாங்கினார். உரிமை கடைக்காரரிடம். அவர் கடைப் பையில் அச்சடித்தாலும் கேட்க முடியாது. படம் அதே, கை அதே, யார் முதலில் வாய் திறந்தார் என்பதுதான் வித்தியாசம். சட்டம் இப்படி இருப்பது எனக்கு ஒப்புதல் இல்லை, ஆனால் இருக்கிறது. பரிகாரம் ஒரு வரி: அட்வான்ஸ் வாங்கும் ரசீதில் 'பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும்' என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவது. வெட்கப்படாமல் கேளுங்கள்.

பழைய காலண்டர் படத்தைப் பார்த்து வரைந்தது ஏதும் இருந்தால் அதைத் தனியே வையுங்கள். ரவி வர்மா 1906-இல் மறைந்தவர், பிரச்சினை இல்லை. கோவில்பட்டிக் காலண்டர் ஓவியர் கொண்டைய ராஜு மறைந்தது 1976-இல், அந்த 60 ஆண்டுக் கணக்கு 2036 முடியும்வரை ஓடும்.

பதிவு செய்வது கட்டாயமில்லை. செய்ய நினைத்தால் பதிப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் நீங்களே செய்யலாம், ஓவியம் ஒன்றுக்கு 500 ரூபாய். ஆட்சேபம் வருகிறதா என்று 30 நாள் காத்திருப்பு, அதற்குப் பிறகு அவர்கள் மனம் வைக்கும்போது. 'பொருட்களில் பயன்படக்கூடியது' என்று ஓரிடம் வரும். அதைத் தெரியாமல் டிக் செய்தால் கட்டணம் 2000 ஆகும், வணிக முத்திரைப் பதிவகத்தின் சான்றும் கேட்பார்கள். படித்துறை ஓவியத்துக்கு வணிக முத்திரைச் சான்று! இந்தக் குழப்பத்தை வைத்தே ஆயிரக்கணக்கில் வாங்கும் ஏஜென்டுகள் பிழைக்கிறார்கள்.

இப்போது அந்தப் போன்காரர். ஒழுங்கான கேலரி படம் விற்றால் பங்கு எடுத்துக்கொள்ளும், விற்காமல் முன்பணம் கேட்காது. சுவர் வாடகை வாங்கும் கண்காட்சிகளும் உண்டு. ஆனால் அவர்கள்கூடக் கேட்பது ஓவியத்தையும், பட்டியலில் போட ஒரு சின்னப் படத்தையும்தான். முழு அளவு ஃபைல் அச்சடிப்பவருக்கு மட்டுமே தேவை. இதே வரிசையில் 'உலக சாதனைச் சான்றிதழ்', 'சர்வதேச விருது' என்று நுழைவுக் கட்டணம் வாங்குபவர்களும் வருவார்கள், எல்லோருக்கும் விருது கிடைக்கும். 'படம் வாங்குகிறேன், பணம் வர இந்த கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க' என்று ஒருவர் கேட்பார். நமக்குப் பணம் வர அந்த ரகசிய 'பின்' நம்பர் தேவையே இல்லை. போட்டுவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

கண்காட்சி வைக்க ஆசை என்றால் முதலில் உங்கள் ஊரிலேயே இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கு நேரில் போய், ஓவியங்களுக்கு இடம் கொடுப்பார்களா என்று கேளுங்கள். சென்னைக்குத்தான் என்றால் லலித் கலா அகாடமியின் மண்டல மையம் இருக்கிறது, இரண்டு இடத்திலும் இடைத்தரகர் வேண்டாம்.

அந்த ஆள் மறுபடி கூப்பிட்டால் நாலு விஷயத்தை எழுத்தில் கேளுங்கள்: அரங்கின் பெயரும் தேதியும், அரங்கு பதிவு செய்த ரசீது, விற்றால் அவர் பங்கு எத்தனை சதவீதம், படம் சேதமானால் யார் பொறுப்பு. ஃபைல் கேட்டால் 1200 புள்ளிப் படம் ஒன்றை அனுப்பி, மீதி நேரில் என்று சொல்லுங்கள்.