பாங்க்ரப்ஸி அடிச்சா ஊர்க் கடனும் போகுமோ எண்டு கேட்ட தம்பிக்கு

தம்பி, உம்மட கேள்வியை ரெண்டு தரம் வாசிச்சன். ஊரில உம்மட பேரில இருக்கிற வீட்டை ஈடு வச்சு வங்கியில 45 லட்சம், அதுக்கு மனுசியின்ர தமையன் பிணை, இஞ்ச கனடாவுக்கு வந்து ஒண்டரை வருசத்தில மூண்டு கிரெடிட் காட்டும் முட்டிப்போச்சு, இப்ப பாங்க்ரப்ஸி, அதான் கடன் கட்டேலாது எண்டு சட்டப்படி கை விரிக்கிறது, அடிச்சா ஊர்க் கடனும் சேர்ந்து அழியுமோ, கிரெடிட் ஸ்கோர் என்னாகும், பேப்பர் கேஸுக்கு, அதான் இமிகிரேசன் கேஸுக்கு, பிழையோ எண்டு கேட்டிருக்கிறீர். ஸ்கோரை விடும், ஆறேழு வருசத்தில அது தன்ர பாட்டில எழும்பும். கேஸைப் பற்றி உம்மட லோயரிட்டக் கேளும், நான் அதுக்க வாய் வைக்கேல்லை. ஊர்க் கடனுக்குத்தான் வாறன், அதில அடி வாங்கின ஆள் நான்.

இஞ்சத்தைச் சட்டத்துக்குக் கடன் எந்த நாட்டில வாங்கினது எண்ட பேதம் இல்லை. ட்ரஸ்டியிட்ட, அதான் பாங்க்ரப்ஸியைப் பதிஞ்சு நடத்திற ஆளிட்ட, போனா உலகத்தில ஆராருக்கு எவ்வளவு குடுக்கோணும் எண்டு எல்லாம் எழுதோணும், ஊர் வங்கியும் அதுக்க வரும். டிஸ்சார்ஜ், அதான் கடனில இருந்து விடுதலை, கிடைச்சாப் பிறகு அந்த வங்கி ரொறன்ரோவுக்கு வந்து உம்மட சம்பளத்தில கை வைக்கேலாது. எங்கட சனம் இதோட காதைப் பொத்திப்போட்டு எல்லாம் போட்டுது எண்டு சந்தோசப்படும். ஆனா ரொறன்ரோவில குத்தின சீல் யாழ்ப்பாணத்தில செல்லாது தம்பி. ஈடு வச்ச வீடு ஈட்டிலதான் கிடக்கும். கோட்டுக்குப் போகாமலே அதை ஏலத்தில போடுறதுக்கு இலங்கை வங்கியளுக்கு 1990 இல வந்த சட்டம் ஒண்டு இருக்கு, பராட்டே எண்டு பேப்பரில பாத்திருப்பீர். 2024 இல கொஞ்சக் காலம் நிப்பாட்டி வச்சவை, அதை நம்பிக்கொண்டு இருக்காதையும்.

மச்சான்ர கதை அதைவிட மோசம். கடன் எடுத்தவன் பாங்க்ரப்ட் ஆனாலும் பிணை நிண்டவன் தப்பேலாது எண்டு கனடாச் சட்டத்திலயே இருக்கு, பிறகு ஊர் வங்கி ஏன் விடப்போகுது? நீர் இஞ்ச கை கழுவின அண்டைக்கு அங்க முழுக் கடனும் அவற்ர தலையில. கிறிப்பில, அதான் இலங்கையில ஆர் கடன் கட்டினது கட்டேல்லை எண்டு பதியிற இடத்தில, பேர் கெட்டா அந்த மனுசன் ஒரு ஓட்டோவுக்கு லீசிங் எடுக்கவும் மூக்கால அழோணும். இதுக்கு மேல ஊரில கைமாத்து, வட்டிக் காசு ஏதும் இருக்கோ தெரியாது, நீர் எழுதேல்லை. இருந்தா அவங்களுக்குக் கனடாச் சட்டமும் இல்லை, இலங்கைச் சட்டமும் இல்லை, நேர உம்மட அம்மான்ர விறாந்தையில வந்து குந்துவாங்கள்.

இன்னொண்டு. ஊர் வீட்டை மறைச்சுப் போட்டு அடியும் எண்டு சொல்லுறதுக்கெண்டே இஞ்ச நாலு பேர் இருக்கினம். காசு வாங்கிக்கொண்டு போம் நிரப்பிற ஆக்கள், கோப்பிக் கடையில இருந்து ஒப்பீஸ் நடத்திறவை. கேக்காதையும். இதைப் பதியிறதுக்கு லைசென்ஸ் உள்ள ட்ரஸ்டிக்கு மட்டும்தான் உரிமை. சொத்து எண்டா கனடாவில இருந்தாலும் வேற எங்க இருந்தாலும் சொத்துத்தான், மறைச்சா அது குற்றம். அதே மாதிரி, பாங்க்ரப்ஸி அடிக்க முதல் மச்சானுக்கு மட்டும் கொஞ்சம் அனுப்பிவிடுவம் எண்டு நினைக்காதையும். ஒரு வருசத்துக்குள்ள சொந்தக்காரருக்குக் குடுத்ததை ட்ரஸ்டி கிண்டி எடுத்து, அவரிட்ட இருந்து திருப்பிக் கேக்கலாம்.

என்னைக் கேட்டா, கிரெடிட் காட்டுக் கடனுக்குக் கன்சியூமர் புரொப்போசல் எண்டு ஒண்டு இருக்கு, அதைப் பற்றி முதல் விசாரியும். ரெண்டரை லட்சம் டொலருக்கு உட்பட்ட கடன், ஆகக் கூடினது அஞ்சு வருசத்தில ஒரு பங்கைக் கட்டி முடிக்கிறது, வட்டி நிண்டுடும், சொத்தும் உம்மட்டயே இருக்கும். ஊர் வங்கியைத் தவணை தவறாமல் கட்டும். ரூபா விழுந்த விழுகையில 45 லட்சம் எண்டுறது இண்டைக்கு 20,000 டொலர் சொச்சம்தானே, இஞ்ச சிலபேர் சாமத்திய வீட்டு ஹோலுக்கும் லிமோவுக்கும் அதைவிடக் கூடக் குடுக்கினம். நான் கண்ணால கண்டனான், பாங்க்ரப்ட் அடிச்சுச் சீட்டுக் காசையும் விழுங்கிப்போட்டு, அடுத்த வருசம் பிள்ளையைப் பல்லக்கில தூக்கின ஆக்கள். சீட்டுப் பிடிச்ச அக்கா ரெண்டு வேலை செய்து மற்றாக்களுக்குக் கட்டினவ. சரி விடுவம், அது வேற கதை.

நான் வந்தது 1991 இல. என்ர ஊர் மயிலிட்டி, 90 ஆனியில சண்டையால ஊரோட இடம்பெயர்ந்து எழும்பினனாங்கள். வெளிநாட்டுக்கு அனுப்பிற ஏஜென்சிக்குக் கட்ட மானிப்பாயில சித்தி தன்ர தாலிக்கொடியையும் காப்பையும் அடகு வச்சுத் தந்தவ. அஞ்சு வருசம் கோப்பை கழுவி, பிறகு ஒருத்தரோட பங்குக்குப் பலசரக்குக் கடை போட்டு, அவர் ஒரு பக்கத்தால போக நான் 97 இல பாங்க்ரப்ஸியில வந்து நிண்டன். போம் நிரப்பினவர் சொன்னார், ஊர்க் காணியை எழுதாதை, சித்தியின்ர கடனையும் எழுதாதை, ஆர் போய்ப் பாக்கப் போகினம் எண்டு. நானும் எழுதேல்லை. நாலு மாசத்துக்கு முதல் சித்திக்கு உண்டியலில, அதான் வங்கி இல்லாமல் ஆக்கள் மூலம், 2,000 டொலர் அனுப்பக் காசு எடுத்தது மட்டும் பாங் ஸ்டேட்மென்டில நிண்டுது. ட்ரஸ்டி அதில விரலை வச்சு, இது என்ன எண்டார். வேர்த்துப் போச்சு. எல்லாத்தையும் சொல்லிப்போட்டன்.

ஒம்பது மாசத்தில வரவேண்டிய டிஸ்சார்ஜ் ரெண்டு வருசம் இழுபட்டுது. காணிக்கு மார்க்கெட் விலை என்ன எண்டு கேட்டார் மனுசன். ஆறு பரப்பு, அதுக்குள்ள ஆமி இருக்கு, நானே போகேலாது, என்ன விலை சொல்லுறது? கிராம சேவையாளரிட்ட ஒரு கடிதம் எடுக்க ஏழு மாசம். அதி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருப்பதால் மதிப்பிட முடியாது எண்டு தமிழில எழுதி சீல் குத்தி வந்துது. மொழிபெயர்த்துக் குடுக்க, ட்ரஸ்டி கனநேரம் பாத்துப்போட்டு, ஒரு டொலர் எண்டு எழுதினார்.

புதுசா எழுதின லிஸ்டில சித்தியின்ர பேரும் ஏறிச்சுது. பேர் ஏறினா அவைக்கு நோட்டீஸ் போகோணும், அதுதான் முறை. எனக்கு அந்த நேரம் அது மண்டையில ஏறேல்லை. சண்டைக் காலம், கப்பலில போய், எத்தினையோ மாசத்தால மானிப்பாயில சித்தியின்ர கையில ஒரு இங்கிலீஷ் கடிதம், மேல கனடா முத்திரை, உள்ளுக்க என்ர முழுப் பேர். பக்கத்து வீட்டு ரிட்டயர்ட் வாத்தியாரிட்டக் கொண்டுபோய் வாசிப்பிச்சிருக்கிறா. அவரும் வாசிச்சுப்போட்டு, பொடியன் முறிஞ்சு போனான் எண்டிருக்கிறார்.

சித்தியின்ர பதில் வர இன்னும் ரெண்டு மாசம். நீலப் பேப்பரில நாலே வரி. மோனை, காசு வேண்டாம், காப்பும் வேண்டாம், உன்னைப் பிடிச்சு வச்சிருக்கினமோ, சாப்பாடு குடுக்கினமோ எண்டு மட்டும் எழுது.